முதலாளிக்கு ஒரு ஸ்டெப்னி

முகம்மது நூகுவுக்கு எங்கள் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டவர்களிடமெல்லாம் நான் இரண்டரை வருஷம் பொய்தான் சொல்லியிருக்கிறேன். சம்பளப் பட்டியலில் அவர் பெயருக்கு நேராக 'காலி கோடவுன் மேற்பார்வையாளர்' என்று எழுதியதே நான்தான். விஸ்வநத்தத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் லோடு கிளார்க், பெயர் சீனிவாசகம். லாரியில் எத்தனை பெட்டி ஏறுகிறது என்று பார்ப்பதும் சம்பளப் பட்டியல் எழுதுவதும் என் பொறுப்பு. காலி கோடவுனில் மேற்பார்வை பார்க்க என்ன இருக்கிறது என்று ஒரு அதிகாரி ஒருமுறை கேட்டார். காலியாகவே இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டுமே சார் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நூகுவின் உண்மையான வேலை, உடம்பில் ரத்தத்தை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது. அதற்கு மாதம் நாலாயிரம். அந்த நாளில் எனக்கே மூவாயிரத்து இருநூறுதான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அவர் விருதுநகர்க்காரர். அத்தா வத்தல் வியாபாரி. ஒரு வருஷம் கோடை மழையில் நாற்பது மூட்டை மிளகாய் வத்தல் நனைந்து பூஞ்சணம் பிடித்ததோடு கடையை மூடிவிட்டார். மகன் எங்களிடம் மார்க்கா போடுகிற வேலைக்கு வந்தார். அட்டைப்பெட்டியின் மேல் வெட்டுத் தகட்டை வைத்து, மையைத் தடவி, சரக்கு எந்த ஊருக்கு எந்தப் பார்ட்டிக்குப் போகிறது என்று பதிக்கும் வேலை. பாட்னா, இந்தூர், கட்டாக் என்று தான் பார்க்காத ஊர்களின் பெயரையெல்லாம் பதினோரு வருஷம் பதித்தார். அவர் போட்ட மார்க்கா ஒரு நூல் கோணாது. விரல்கள் எப்போதும் நீலமாக இருக்கும். யாருடைய வம்புக்கும் போக மாட்டார்.

2004-ஆம் வருஷம் தை மாதம் எங்கள் முதலாளி ரத்தினசாமிக்கு அறுபது வயது நிறைந்தது. அவர் மகன் மகேஷ்குமார் கோயமுத்தூரில் படித்துவிட்டு வந்தவர். மணிவிழாவுக்குப் புதுமையாக ஏதாவது செய்ய வேண்டும் என்று கம்பெனியிலேயே ரத்ததான முகாம் வைத்தார். காலை ஒன்பது மணிக்கு ஈ, காக்கை இல்லை. ரத்தம் கொடுப்பவர்களுக்கு எவர்சில்வர் தூக்குவாளி உண்டு என்று மைக்கில் சொன்ன பிறகு வரிசை கேட் வரைக்கும் போனது. லோடுமேன் வேலுச்சாமி இரண்டாவது வாளிக்காக மறுபடி போய்ப் படுத்தான். முதல் தடவை வைத்த பஞ்சு கையிலேயே இருந்ததைப் பார்த்து விரட்டினார்கள். நானும் கொடுத்தேன். தூக்குவாளிக்குத்தான் கொடுத்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

தொண்ணூற்று நாலு பேர் கொடுத்தோம். யார் யாருக்கு என்ன குரூப் என்று மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். எனக்கு பி பாசிட்டிவ். தடுக்கி விழுந்தால் பி பாசிட்டிவ் காரன் மேல்தான் விழ வேண்டும், அவ்வளவு பேர் இருந்தோம். ஓ நெகட்டிவ் ஒரே ஒருவர், முகம்மது நூகு.

முகாமுக்கு வந்த டாக்டர், வயதைச் சொல்லி முதலாளியிடம் ரத்தம் எடுக்காமல் குரூப் மட்டும் பார்த்திருந்தார். அன்றைக்குக் கிளம்பும்போது அவரிடம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். "ஒங்களுக்கும் ஓ நெகட்டிவ்தான். லேசுல கிடைக்காது. ஆத்திர அவசரத்துக்கு இங்கனயே ஒருத்தர் இருக்காரு, நல்லதாப் போச்சு." அவர் சொன்னதை அவர் கார் ஏறும்போதே மறந்திருப்பார். ரத்தினசாமி மறக்கிற ஆள் இல்லை. காகிதம் தட்டுப்பாடு வரப்போகிறது என்று காதில் விழுந்தால், அன்றைக்கே மூன்று லாரி இறக்கி கோடவுனில் பூட்டுகிறவர். கிடைக்காத பொருள் என்று தெரிந்த பிறகு அதை வெளியில் விட்டுவைக்க அவரால் முடியாது.

மறுநாள் என்னையும் நூகுவையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"நூகு, இனிமே நீ மார்க்கா போட வேணாம்யா. அந்தத் தகடு கையைக் கிளிச்சிரும்."

"பதினோரு வருசமாப் போடுறேன் முதலாளி. ஒண்ணும் ஆனதில்ல."

"இதுவரைக்கும் சரி. இனிமே நாம யோசிக்கணும்ல."

சம்பளத்தை நாலாயிரமாக்கச் சொன்னார். என்ன வேலை என்று எழுதுவது என்று கேட்டேன். முதலாளி குரலைத் தாழ்த்தினார். "ரத்தத்துக்குன்னு மட்டும் எளுதிராத. காசு குடுத்து ரத்தம் வாங்குனா கேசாகிரும்." வெடிமருந்து அறைகளுக்கு எட்டாத மூலையில் ஒரு கோடவுன் காலியாகக் கிடந்தது. அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தோம்.

அதிலிருந்து நடந்ததையெல்லாம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதலில் அவருக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தார்கள். கம்பெனியில் மேனேஜருக்கே அப்போது செல்போன் கிடையாது. ஒரு நாளைக்கு மூன்று தடவை முதலாளி அதில் கூப்பிட்டு, "எங்கன இருக்க? ஒடம்பு நல்லாருக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். வீட்டுக்கு ஒரு கொசுவலை போயிற்று. மோட்டார் சைக்கிளில் ஏறக் கூடாது என்றார்கள். முகம் மழித்தால் கத்தி படும், அதுவும் கூடாது. நூகுவுக்குத் தாடி வளர்ந்தது. அதைப் பார்த்த பள்ளிவாசல்காரர்கள் மனிதருக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்து ஜமாத் கமிட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். கம்பெனி தாடி என்று எப்படி அவர் எடுத்துச் சொல்வார்? பேசாமல் போய் கமிட்டியில் உட்கார்ந்துகொண்டார்.

சாப்பாடு முதலாளி வீட்டிலிருந்து வரும். முதலாளியின் மனைவி சொர்ணலட்சுமி தன் கையாலேயே சமைப்பார். ஈரல் வறுவல், முருங்கைக்கீரை, பீட்ரூட் பொரியல், ஒரு கை பேரீச்சம்பழம். நூகு ஹலால் கறிதான் சாப்பிடுவார் என்பதால் முதலாளி வீட்டு டிரைவர் தினம் பாய் கடைக்குப் போய் வந்தார். இரண்டு கடையில் வாங்குவானேன் என்று அந்த வீட்டில் எல்லாருமே ஹலால் கறி சாப்பிட ஆரம்பித்தார்கள். அந்த வருஷங்களில் ரம்ஜானும் தீபாவளி சீசனும் ஒன்றாக வந்தன. வட இந்தியாவுக்கு லாரி லாரியாகச் சரக்கு போய்க்கொண்டிருக்கும்போது, முதலாளிக்கு ஒரே கவலை நூகுவின் முப்பது நோன்புதான். பகலெல்லாம் பட்டினி கிடந்தால் ரத்தம் சுண்டிவிடாதா என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? கடைசியில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு அவர் வீட்டுக் கார் மாதுளம்பழத்தோடு நூகு வீட்டு வாசலில் நின்றது.

முதலாளி சென்னைக்கோ டெல்லிக்கோ போனால் நூகுவும் கூடப் போவார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. லாட்ஜ் அறையில் உட்கார்ந்து டிவி பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். வேலுச்சாமிதான் முதலில் 'ஸ்டெப்னி' என்று பெயர் வைத்தான். காரில் பின்னால் மாட்டிக்கொண்டு போகிற டயர் மாதிரி, ஓடவும் வேண்டாம், தேயவும் வேண்டாம். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவர் மனைவி பல்கீஸுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. ஒருமுறை நான் வீட்டுக்குப் போயிருந்தபோது என் முன்னாலேயே சொன்னார். "ஒங்க முதலாளி இவுகளுக்குச் சம்பளம் குடுக்கலண்ணே, வாடகை குடுக்காரு. வீட்டுல ஒரு அருவாமனையக்கூட எடுத்துத் தர மாட்டேங்காக. கேட்டா, கம்பெனிச் சொத்துங்காக." பள்ளிக்கூடத்தில் அப்பாவின் தொழில் என்ன என்று கேட்டதற்கு மகள் தஸ்லிமா 'ரத்தம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். டீச்சர் பதறிப்போய் பல்கீஸை வரச்சொல்லி, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தாராம்.

நூகு மட்டும் சிரிக்க மாட்டார். சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குவது அவரை அரித்துக்கொண்டிருந்தது. "இது எந்தக் கணக்குல சேரும்னு தெரியலண்ணே. ஒரு தடவையாச்சும் அவுக எடுத்துக்கிட்டாகன்னா தின்ன சோறு செரிச்சிரும்" என்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானாகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று முதலாளியிடமே ஒருநாள் கேட்டுவிட்டார். "ஸ்டாக்கு கொறையும்ல" என்று முதலாளி மறுத்துவிட்டார். சில நாள் மத்தியானம் நான் யாருக்கும் தெரியாமல் காலி கோடவுனுக்குப் பத்துப் பெட்டியும் மை டப்பாவும் அனுப்பி வைப்பேன். கதவைச் சாத்திக்கொண்டு மார்க்கா போட்டுக் கொடுப்பார். கஞ்சா அடிக்கிறவன்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

எனக்குப் பொறாமை இருந்தது. இல்லை என்றால் அது பொய். எட்டு மணி நேரம் வெயிலில் லாரிக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு மூவாயிரத்து இருநூறு, பேரீச்சம்பழம் தின்கிறவனுக்கு நாலாயிரம் என்றால் யாருக்குத்தான் வராது? ஆனால் அந்த நாற்காலியில் நாள் முழுக்க உட்கார் என்று எனக்குச் சொல்லியிருந்தால் நான் ஒரு வாரத்தில் ஓடியிருப்பேன்.

2006 ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை சுப்புத்தாய் வந்தாள். அச்சங்குளத்துக்காரி. எங்கள் பாக்கிங்கில் பதினாலு வருஷமாக இருப்பவள். விருதுநகர் ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் மகளுக்கு அன்று காலை பிரசவமாகி, பையன் பிறந்திருந்தான். மகளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கும் ஓ நெகட்டிவ். கையிருப்பில் இருந்த ஒரு பையை ஏற்றிவிட்டார்கள். இன்னொன்று மதுரையிலிருந்து வர வேண்டும், அதற்குள் ஆள் யாராவது கிடைத்தால் உடனே கூட்டிவா என்று சொல்லியிருந்தார்கள். சுப்புத்தாய்க்கு எங்கள் நோட்டீஸ் போர்டு ஞாபகம் வந்திருக்கிறது.

நேராக முதலாளி அறைக்குள் போனாள். நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

"ஐயா, நூகு பாயை ஒரு ரெண்டு மணி நேரம் குடுத்தீகன்னா நானே கொண்டாந்து விட்டுருவேன்" என்றாள், பக்கத்து வீட்டில் ஏணி கேட்பது போல.

ரத்தினசாமி கெட்டவர் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் மேஜை டிராயரைத் திறந்து ஐயாயிரம் ரூபாயை எடுத்து வைத்தார். "வெளிய எங்கனயாச்சும் வாங்கிக்கோத்தா. நூகு மட்டும் வேணாம். எனக்கு என்னைக்கு என்ன ஆகும்னு யாரு கண்டா."

"ரூவா வேணாம்ங்காகய்யா. ஆளைத்தான் கூட்டியாரச் சொல்றாக."

"இன்னும் ரெண்டாயிரம் சேத்துத் தாரேன்."

அவள் பணத்தைத் தொடவில்லை. அழவும் இல்லை. கும்பிட்டுவிட்டு வெளியே போய், மைதானத்தைத் தாண்டிக் காலி கோடவுனைப் பார்க்க நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் நூகு எழுந்துவிட்டார். "அண்ணே, ஒங்க வண்டியக் குடுங்க."

"முதலாளிக்குத் தெரிஞ்சா என்ன செய்வீக பாய்?"

"தெரிஞ்சா திருப்பியா எடுக்க முடியும்?"

என் டி.வி.எஸ். வண்டியின் சாவியைக் கொடுத்தேன். அவர் செல்போனை என்னிடம் கொடுத்தார். இரண்டரை வருஷம் இருசக்கர வண்டியில் ஏறாதவர், பின்னால் சுப்புத்தாயை உட்கார வைத்துக்கொண்டு விருதுநகர் ரோட்டில் பறந்தார். ஒரு மணிக்கு செல்போன் அடித்தது. நூகு பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருக்காரு முதலாளி என்று சொன்னேன். நல்லது, ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே என்று கேட்டுவிட்டு வைத்தார்.

நாலு மணிக்கு நூகு திரும்பி வந்தார். முழுக்கைச் சட்டைக்குள் பஞ்சு ஒட்டியிருந்தது. "சுப்புத்தாய் மக பொளைச்சிருச்சுண்ணே" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. "ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டும் குடுத்தாக. ரொம்ப நாளைக்குப் பெறகு இன்னைக்குத்தான் ஒரு வேலை செஞ்ச மாதிரி இருக்கு."

கொஞ்ச நேரத்தில் அந்த முகம் சுருங்கிவிட்டது. இனிமேல் மூன்று மாதத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதாவது தொண்ணூறு நாள். அதற்குள் முதலாளிக்கு ஏதாவது ஒன்று என்றால்?

"ரெண்டரை வருசம் அவுக சோத்தைத் தின்னுருக்கேன். கேக்குற அன்னைக்கு இல்லைன்னா, நான் என்ன மனுசன்?"

"தொண்ணூறு நாளைக்கு முதலாளிக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கிட வேண்டியதுதான்" என்றேன். சமாதானத்துக்காகச் சொன்னது. அந்த மனிதர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து முதலாளிக்குக் காவல் ஆரம்பித்தது. நாற்காலியை முதலாளி அறை வாசலுக்கு மாற்றிக்கொண்டார். முதலாளி மாம்பழம் நறுக்கக் கத்தியை எடுத்தால் நூகு வாங்கித் தானே நறுக்கிக் கொடுத்தார். மாடிப்படியில் முதலாளி இறங்கும்போது நூகு முன்னால் பின்பக்கமாகவே இறங்குவார், விழுந்தால் தன் மேல் விழட்டும் என்று. டிரைவரிடம் போய் நாற்பதுக்கு மேல் ஓட்டினால் தொலைத்துவிடுவேன் என்றிருக்கிறார். நூகு ஒரு மனிதனை மிரட்டியது அவர் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். விவரம் தெரியாத முதலாளிக்குக் கண் கலங்கியது. பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்று மகேஷ்குமாரை வைத்துக்கொண்டே சொன்னார். சம்பளத்தில் ஐந்நூறு கூட்டச் சொன்னார். நூகு அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

ஐம்பதாவது நாளோ என்னவோ, புது அயிட்டம் சோதனை வந்தது. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. சீசனுக்குப் புதிதாக என்ன வெடி செய்தாலும், முதல் வெடிக்கு முதலாளிதான் திரி கொளுத்த வேண்டும். அந்த வருஷம் வானத்தில் போய் ஏழு நிறத்தில் பூக்கிற ஒரு பெரிய ஷாட். மைதானத்தில் எல்லாரும் தள்ளி நின்றோம். முதலாளி நீளமான ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு குனிந்தார். நூகு ஓடிப்போய் ஊதுபத்தியைப் பிடித்துவிட்டார்.

"நான் வைக்கேன் முதலாளி. நீங்க தள்ளி நில்லுங்க."

"ஏலே, நீ வெடிகிட்ட வரலாமா? விடுலே."

"ஒங்களுக்கு ஒண்ணுன்னா என்ன செய்யிறது?"

"எனக்கு ஒண்ணுன்னாத்தானய்யா ஒன்னைய வச்சிருக்கேன். ஒனக்கு ஒண்ணுன்னா நான் எங்க போவேன்?"

ஒருவர் உயிரை ஒருவர் காப்பாற்றுவதற்காக இரண்டு பேரும் அந்த ஊதுபத்தியை இழுத்தார்கள். அது இரண்டாக ஒடிந்தது. மகேஷ்குமார் திரும்பி என்னைப் பார்த்தார். "சீனிவாசகம், நீங்க கொளுத்துங்க." என் பி பாசிட்டிவ் ரத்தத்தைப் பற்றி அந்த மைதானத்தில் ஒரு ஜீவனுக்கும் கவலை இல்லை. போய்க் கொளுத்தினேன். நன்றாகத்தான் பூத்தது.

எழுபத்தோராவது நாள். அதை மட்டும் நூகு துல்லியமாகச் சொல்வார், தினம் எண்ணிக்கொண்டிருந்தவர் அல்லவா. கத்தி, படி, கார், வெடி என்று வெளியிலிருந்து வரக்கூடிய ஆபத்தையெல்லாம் அவர் அடைத்து வைத்திருந்தார். முதலாளி முட்டி வலிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை தின்றுகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. ஆர்டர் பேசிக்கொண்டிருந்த முதலாளி எழுந்து வாஷ்பேசினுக்குப் போனார். வாயிலிருந்து ரத்தமாக வந்தது. வயிற்றுக்குள் புண் உடைந்திருக்கிறது. விருதுநகருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடனே இரண்டு பை ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள்.

சொர்ணலட்சுமி அழுகையோடு நூகுவின் கையைப் பிடித்தார். "தம்பி, இந்த நாளுக்குத்தான் ஒங்களை வச்சிருந்தோம். வாங்க."

நூகு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சொர்ணலட்சுமி, மகேஷ்குமார், நூகு, நான், நாலு பேரும் ரத்த வங்கிக்குப் போனோம். ஆஸ்பத்திரி எதுவானாலும் ரத்தத்துக்கு எல்லாரும் அந்த ஒரு இடத்துக்குத்தான் வர வேண்டும். அங்கே இருந்த டெக்னீசியன் பர்வீன் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க நூகு அண்ணே. போன தடவ வந்துட்டுப் போனீகளே, அந்தப் பிள்ளை நல்லாருக்கா?"

நூகு அவசர அவசரமாகச் சட்டைக் கையைச் சுருட்டினார். "எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. நெறைய ஈரல் தின்னுருக்கேன். எடுங்க."

பர்வீன் ரிஜிஸ்தரைப் புரட்டினாள். "எளுவத்தோரு நாள்தான் ஆகுது. எடுக்கக் கூடாதுண்ணே."

சொர்ணலட்சுமிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "எங்க ரத்தத்தை எடுத்து யாருக்குக் குடுத்தீக?" என்றார் நூகுவிடம்.

"ஒங்க ரத்தமா?" என்று பர்வீன் கேட்டாள்.

மகேஷ்குமார் விளக்கினார். படித்தவர், ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். முகாம், நாலாயிரம் சம்பளம், இப்போது கூட்டிய ஐந்நூறு, செல்போன், சாப்பாடு. பர்வீன் ரிஜிஸ்தரை மூடி வைத்தாள்.

"அப்படின்னா தொண்ணூறு நாள் கழிச்சு வந்தாலும் இவுக ரத்தத்தை ஒங்க அப்பாவுக்கு நான் எடுக்க முடியாது சார். காசு வாங்கிட்டுக் குடுக்குறவுகட்ட எடுக்கக் கூடாதுன்னு சட்டம் வந்து எட்டு வருசம் ஆச்சு." நூகுவைப் பார்த்துத் திரும்பினாள். "அந்தப் பிள்ளைக்குக் குடுத்ததுக்குக் காசு வாங்குனீகளா?"

"ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டும்மா."

"அது நாங்க குடுத்தது."

ஆக, ஊரிலேயே யாருக்கு வேண்டுமானாலும் நூகு ரத்தம் கொடுக்கலாம். ரத்தினசாமி ஒருவருக்கு மட்டும் கூடாது. இரண்டரை வருஷம் பணம் கட்டி முதலாளி வாங்கியது அதைத்தான். சொர்ணலட்சுமி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இம்புட்டு நாள் ஆக்கிப் போட்ட ஈரல்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். அதற்குச் சட்டத்தில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

பர்வீன் எழுந்து உள்ளே போய் பிரிட்ஜைத் திறந்தாள். திரும்பி வந்தபோது கையில் இரண்டு பை இருந்தது. ஓ நெகட்டிவ். போன வாரம் ஏதோ ஒரு காலேஜ் முகாமில் வந்ததாம். முதலாளியின் ரத்தத்தோடு சேருகிறதா என்று ஒட்டிப் பார்த்து அனுப்ப அரை மணி நேரம் ஆகும் என்றாள். "எடுத்ததுக்குப் பதிலா ரெண்டு பேர் குடுத்துட்டுப் போங்க. எந்த குரூப்பா இருந்தாலும் சரி."

"கம்பெனியிலருந்து ரெண்டு பேர வரச்சொல்றேன். ஆளுக்கு எரநூறு குடுத்து..." என்று மகேஷ்குமார் ஆரம்பித்தார். பர்வீன் பார்த்த பார்வையில் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"நான் குடுக்கேன்" என்று சொர்ணலட்சுமி எழுந்தார். விரலில் குத்திப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் எட்டரைதான் இருந்தது. பன்னிரண்டரை இருந்தால்தான் எடுப்பார்கள். இரண்டரை வருஷம் தினம் ஈரல் வறுத்து அனுப்பிய அம்மாவுக்கு உடம்பில் ரத்தமே இல்லை. "மொதல்ல நீங்க சாப்பிடுங்கம்மா" என்று பர்வீன் மெதுவாகச் சொன்னாள். எனக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கடைசியில் மகேஷ்குமார் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு கட்டிலில் படுத்தார். பக்கத்துக் கட்டிலில் நான் படுத்தேன். முகாமே வைத்தவர் அவர், ஆனால் ஊசிக்குப் பயந்து முகாம் அன்றைக்கு அவர் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு மனிதனின் பி பாசிட்டிவ் ரத்தத்துக்கு அன்றுதான் ஒரு கிராக்கி வந்தது. தூக்குவாளி கிடைக்கவில்லை. ஆனாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முதலாளி பிழைத்துக்கொண்டார். நூகுவை வா என்றும் யாரும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை அவர் தானாக லாரி ஷெட்டுக்கு வந்து, மை டப்பாவைத் திறந்து, மார்க்கா போட உட்கார்ந்துவிட்டார். செல்போனை என் மேஜையில் வைத்துவிட்டார். சீசன் நேரம், பெட்டி குவிந்து கிடந்தது, யாருக்கும் அதைப் பற்றிப் பேச நேரம் இல்லை.

மூன்று வாரம் கழித்து முதலாளி கம்பெனிக்கு வந்தார். பத்துக் கிலோ இளைத்திருந்தார். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நூகு மையோடு அப்படியே வந்து நின்றார். வேலை போகப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. எழுதிய பொய்க்கு என் வேலையும் போகலாம்.

"ரத்தம் குடுத்த பிள்ளைக யாருன்னு கேட்டேன்யா" என்றார் முதலாளி. "சொல்ல மாட்டேங்காக. ஆளுக்கு ஒரு கிப்ட் பாக்ஸ் பட்டாசாச்சும் அனுப்புவோம்னா அதுக்கும் வளியில்ல. எவனோ ஒருத்தன் சும்மா குடுத்தது எனக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு. ராத்திரி ஒறக்கம் வரல."

முதலாளி நூகுவின் பக்கம் திரும்பினார்.

"நீயும் சுப்புத்தாய் மவளுக்குச் சும்மாதான் குடுத்தியாமே."

"ஆமா முதலாளி. தப்புத்தான். ஒங்ககிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கணும்."

"அத விடு." முதலாளி மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை. "ஒன்னைய ஒண்ணு கேக்கேன். சம்பளம், சாப்பாடு ஒண்ணும் இல்லாம இருந்து, எனக்கு வேணும்னு வந்திருந்தா, எனக்கும் குடுத்திருப்பியா?"

நூகு நீல விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கேள்வி புரியாதவர் போல முதலாளியைப் பார்த்தார்.

"குடுத்திருப்பேனே" என்றார். "நீங்க கேக்கவே இல்லையே முதலாளி."